பெயரை மட்டும் எடுத்துவிட்டோம்

மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு, ஹவுஸ்மேன் என்னும் பயிற்சி மருத்துவர் பணிக்கு எப்போது அழைப்பார்கள் என்று தெரியாமல் பாடாங் செராயில் பெற்றோர் வீட்டில் காத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வார்டுக்குள் நுழையப்போகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடப்புத்தகத்தில் உள்ள எதுவும் இதில் இல்லை.

1. முதல் வரி

சர்ஜிக்கல் போஸ்டிங்கின் முதல் நாள், ஒரு நோயாளியைப் பற்றி "இவருக்குக் காலில் புண்" என்று ஆரம்பித்தேன். சிறப்பு மருத்துவர் கையை உயர்த்தி நிறுத்தினார். வயது, இனம், வேலை, குடியிருக்கும் இடம், ஏற்கெனவே உள்ள நோய். இந்த ஐந்தும் முதல் வரியில் வந்த பிறகுதான் புண்ணைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

அது நல்ல விதிதான். ஒருவரின் வேலையும் ஊரும் தெரிந்தால் அவருக்கு என்ன வந்திருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். சில நாள்களில் எங்களுக்கு அது வாய்ப்பாடுபோல் பழகிவிட்டது.

என் குழுவில் தினேஷ் இருந்தான். கெட்டிக்காரன். பல கல்லூரி மாணவர்கள் சேர்ந்திருந்த டெலிகிராம் படிப்புக் குழு ஒன்றை அவன்தான் நடத்தினான். நான் தேர்வுகளில் தேறியதற்கு அந்தக் குழுவும் ஒரு காரணம். கேண்டீனில் நாங்கள் பேசியவை மூன்று: வரப்போகும் தேர்வு, நிரந்தரமில்லாத காண்ட்ராக்ட் வேலை, மெட்ரிகுலேஷன் இடம். பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய பிள்ளைகள் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் கதவு அந்த மெட்ரிக் முன்படிப்பு. எங்களுக்கு அது என்றோ முடிந்துபோன விஷயம். ஆனாலும் நம் தமிழ்ப் பிள்ளைகளில் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று ஆண்டுதோறும் ஃபேஸ்புக்கில் எழும் சண்டையில் நாங்களும் இருந்தோம்.

2. அக்கா

அவரை அக்கா என்று மட்டும் குறிப்பிடுகிறேன். பாடாங் மேஹா பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்து வீட்டில் இருந்தார். கையுறை ஃபேக்டரியில் வேலை. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கோயில் திருவிழாவில் தீ மிதித்திருந்தார். வலது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து, ஆழமான புண்ணாகியிருந்தது.

"மிதிக்கிறப்போ சுடலையாக்கா?"

"சுட்டா தெரியும்லம்மா. ஒண்ணுமே தெரியல. ஆத்தா என்னைத் தாங்குறான்னு நெனச்சேன்."

"சர்க்கரை ரொம்ப வருசம் இருந்தா பாதம் மரத்துப்போயிடும்கா. அதனாலதான் தெரியல."

"அப்ப ஆத்தா தாங்கலையா?" கேட்டுவிட்டு என் சங்கிலியில் தொங்கிய சிலுவையைப் பார்த்துச் சிரித்தார். "பாரு, சர்ச்சுக்குப் போற புள்ளகிட்ட இதைக் கேக்குறேன்."

எதற்காக மிதித்தீர்கள் என்று கேட்டேன். அவர் வாசலைப் பார்த்தார். மகள் சாப்பாடு வாங்கப் போயிருந்தாள்.

"அவளுக்கு மெட்ரிக் கெடைக்கணும்னுதான். நல்லாத்தான் ரிசல்ட் எடுத்திருக்கா. நம்ம புள்ளைங்களுக்கு அது மட்டும் பத்துமா, சொல்லு. அவகிட்ட மூச்சு விட்டுடாதலா. தெரிஞ்சா அழுவா."

மறுநாள் ரவுண்டில் சிறப்பு மருத்துவர் என்னிடம், சர்க்கரை நோயாளி ஏன் தீ மிதித்தார் என்று கேட்டார். மீண்டும் மிதிப்பாரா என்பது சிகிச்சைக்கு முக்கியம். சொன்னேன். தினேஷ் பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டான். புண்ணைச் சுத்தம் செய்தார்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் கிளினிக்கில் டிரஸ்ஸிங், இடையில் விடவே கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். விடாமல் வந்தால் கால் பிழைக்கும் என்பதுதான் எல்லாருடைய கணிப்பும்.

3. நல்ல கேஸ்

அன்று மாலையே தினேஷ் அதைப் படிப்புக் குழுவில் போட்டான். விதிப்படி பெயர் இல்லை, அடையாள அட்டை எண் இல்லை, முகம் இல்லை. முதல் வரி மட்டும் இருந்தது. வயது, இனம், ஃபேக்டரி, பாடாங் மேஹா தோட்டம், சர்க்கரை நோய். அதற்குக் கீழே தீமிதி, மகள், மெட்ரிக் வேண்டுதல். "நல்ல கேஸ்" என்று பலர் பாராட்டினார்கள். கேள்வி கேட்டார்கள், விடை எழுதினார்கள்.

குழுவில் இருந்த யாரோ அதைப் படம் பிடித்து வெளியே அனுப்பினார்கள். அடுத்த வாரம் அரசியல் பேசும் ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் அது வந்தது. தலைப்பு: "பிள்ளையின் படிப்புக்காகத் தீயில் இறங்கிய தாய்." வந்த கருத்துகள் எல்லாவற்றையும் படித்தேன். படித்ததை வகைப்படுத்தும் பழக்கம் எனக்கு உண்டு.

அ) இந்த அரசாங்கம்தான் காரணம்.
ஆ) போன அரசாங்கம்தான் காரணம்.
இ) படிக்காத சனங்கள், மூடநம்பிக்கை.
ஈ) நம் வழிபாட்டைக் கேலி செய்ய வேற்று மதத்து டாக்டர் பிள்ளைகள் கிளப்பிவிட்டது.
உ) மற்ற இனத்தாரின் சிரிப்புக் குறிகள், அதற்கு நம்மவர்களின் வசவு.

கால் எப்படி இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எங்கள் படிப்புக் குழுவிலும் கேட்கவில்லை.

தினேஷிடம் போனேன்.

"நான் பேரே போடலியே."

"பேரு எதுக்குடா? அந்தத் தோட்டத்துல, மெட்ரிக்குக்கு மனு போட்ட மக இருக்கிற வீடு எத்தனை இருக்கும்?"

போனை எடுத்துக் காட்டினான். "அழிச்சிட்டேன்," என்றான். அழித்துத்தான் இருந்தான். அது அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

4. வீட்டுக்குப் போனது

அக்கா டிரஸ்ஸிங்குக்கு வருவதில்லை என்று கிளினிக் மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒருவர் சொன்னார். சனிக்கிழமை காலை அப்பாவின் மோட்டோர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தது. மகள் உள்ளே இருப்பது தெரிந்தது. முன்கூடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது வீல்சேர் ஒன்று நின்றது.

"நம்ம தொகுதி ஒய்.பி.யோட ஆளுங்க கொண்டாந்தாங்க. போட்டோ எடுத்தாங்க. நான் நடந்துபோய்க் கதவத் தெறந்தேன், அப்பவும் என்னை அதுல உக்கார வச்சுட்டாங்க. காலு இருக்கிறப்பவே வண்டி வந்துடுச்சு பாத்தியா."

அவர் சிரிக்கவில்லை. பழைய கட்டு மஞ்சளாக நனைந்திருந்தது. வாடை வந்தது.

"கிளினிக்குக்கு வாங்கக்கா. இப்பவே போகலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க போனா மிஸ்ஸியே போன காட்டி, 'அக்கா, இது நீங்கதானே'ங்குறா. அனுதாபமாத்தான் கேக்குறா. எனக்குக் கூசுது."

"அப்ப கூலிம் போகலாம். அங்க யாருக்கும் தெரியாது."

"எல்லா ஊர்லயும் போன் இருக்கும்மா."

"கால் போயிடும்கா. பயமுறுத்தச் சொல்லல. நெசமாவே போயிடும்."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "உன்கிட்டதான் சொன்னேன். வேற யாருகிட்டயும் சொல்லல."

வார்டில் அதைச் சொன்னது ஏன் என்று விளக்கினேன். சிகிச்சை, ரவுண்டு, விதி. எல்லாம் உண்மை. கேட்டுக்கொண்டே இருந்தார். தினேஷின் பெயரை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

"கோயில்ல என்ன சொல்றாங்க தெரியுமா? சர்ச்சுப் புள்ள ஒண்ணு வந்து விசாரிச்சுட்டுப் போயி எழுதிட்டாளாம். அவ இல்லன்னுதான் நான் சொன்னேன். நம்பல. போயிட்டு வாம்மா, யாராச்சும் பாத்தா உனக்கும் பேச்சு."

மகளிடமாவது சொல்லிப் பார்க்கலாம் என்று சாத்திய கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. சிறப்பு மருத்துவரிடம் சொன்னேன். கிளினிக்கிலிருந்து வீட்டுக்கே ஆள் அனுப்ப ஏற்பாடு செய்தார். போனவர்களை அக்கா உள்ளே விடவில்லை.

5. டிஃபால்ட்டட்

அவர் திரும்பி வந்தபோது காய்ச்சலில் நினைவு தப்பியிருந்தது. எமர்ஜென்சி வழியாக வந்தார். எலும்புவரை கிருமி ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

மறுநாள் ரவுண்டில் நான்தான் கேஸைச் சொல்ல வேண்டியிருந்தது. வர வேண்டிய நாளில் வராத நோயாளிக்கு எங்கள் தொழிலில் ஒரே சொல்தான்: டிஃபால்ட்டட். மருந்துக்குக் காசில்லாதவருக்கும், பேருந்து கிடைக்காதவருக்கும், சோம்பலால் வராதவருக்கும் அதுதான். நான் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு, காரணத்தையும் சொன்னேன். சிறப்பு மருத்துவர் முழுவதும் கேட்டார். முகம் சுருங்கியது.

"இதை நான் எங்கே எழுதுவது?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் தெரியவில்லை. பிறகு அடுத்த படுக்கைக்குப் போனோம்.

6. இப்போது

மகளுக்கு மெட்ரிக் கிடைக்கவில்லை. அந்த ஃபேஸ்புக் பக்கம் இப்போது வேறொரு தாயைப் பற்றிப் பேசுகிறது. தினேஷ் குழுவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு விலகினான். குழு நன்றாக நடக்கிறது. நல்ல கேஸ்கள் வருகின்றன, முதல் வரியோடு. இரண்டுமுறை எச்சரிக்கை எழுதிப் போட்டேன். கட்டைவிரல் குறிகள் விழுந்தன. அதற்குமேல் ஒன்றும் மாறவில்லை. மாறும் என்று நான் நம்பவும் இல்லை.

நான் கற்றது இவ்வளவுதான். நம் ஊர்களில் ஆளைக் காட்டிக்கொடுக்கப் பெயர் தேவையில்லை. ஒரு நோயாளி சொல்வதில் சிகிச்சைக்கு வேண்டியது ஒரு பங்கு. மீதியை நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அந்த மீதி படிப்புக்கு எவ்வளவு உதவினாலும் நம்முடையது அல்ல.

இதை எழுதலாமா என்று கேட்க அக்காவிடம் போனேன். எந்த விவரங்களை மாற்றுவேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வேண்டுதலைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கும் என்றேன்.

"ஊருக்கே தெரிஞ்சதுதானே, எழுதிக்க. காலு போனதையும் எழுது. அன்னிக்கு அந்த போன்ல படிச்சுட்டு வந்து எம்மக என்கிட்ட என்ன கேட்டான்னு உனக்குச் சொன்னேன்ல, அத மட்டும் எழுதிடாத."

எழுதவில்லை.