இலை பார்க்கப் போன ஞாயிறு

அம்மாவின் பெரிய சூட்கேஸைத் திறந்தால் பூச்சி உருண்டை வாசம் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் இருந்த எங்கள் சின்ன வீடு முழுவதும் பரவிவிடும். அந்த வாசம் வந்தால் எங்கோ கல்யாணம், இல்லாவிட்டால் கோயில் திருவிழா என்று அர்த்தம். எனக்குப் பதினொரு வயதான அந்த ஒக்டோபரில் இரண்டுமே இல்லை, ஆனாலும் வாசம் வந்தது.

காரணம் அப்பா. உணவகச் சமையலறையில் வேலை செய்த அவர், காய்ச்சலுக்குக்கூட லீவு கேட்காதவர், ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்திருக்கிறன். ஐஃபல் மலைக்கு இலை பாக்கப் போவம்" என்றார்.

"இலையோ?" என்றார் அம்மா. "ஜன்னலுக்கு வெளியிலை நிக்கிற மரத்திலை இல்லாத இலையோ? வேறை ஆர் வருகினம்?"

"ஒருத்தரும் இல்லை."

எங்கள் ஆட்கள் கல்யாணத்துக்குப் போவார்கள், பிள்ளை வயசுக்கு வந்தால் "சாமத்தியவீட்டுக்கு"ப் போவார்கள், செத்தவீட்டுக்கு இரவோடு இரவாகக் கார் ஓடுவார்கள். போய்ச் சேரும் இடத்தில் தேத்தண்ணி தர ஒரு வீடு இல்லாமல் யாரும் புறப்பட்டதை நான் கண்டதில்லை. அம்மாவும் கண்டதில்லை. ஆகவே யாரோ மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாக வருவதுபோல அங்கே வந்து அக்காவைப் பார்க்கப்போகிறார்கள், மனுசன் வாய் திறக்கிறார் இல்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவுக்கு மாம்பழ நிறச் சேலையை எடுத்து வைத்தார். நாலு பேருக்கு என்று சொல்லி ஒரு ஊருக்கே காணுமளவு ரோல்ஸ் பொரித்தார்.

சேலையைக் கண்டதும் அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. ஹம்பேர்க்கில் தாதி வேலை படிக்க அவளுக்கு "அவுஸ்பில்டுங்" என்கிற தொழிற்பயிற்சி இடம் கிடைத்திருந்தது. பதில் சொல்ல வேண்டிய நாள் நெருங்கியும் அப்பா "பாப்பம்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் "பாப்பம்" என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான். "என்னைக் கட்டிக் குடுக்கப் போயினமடி" என்று படுக்கையில் அழுதாள். எனக்கு அப்பா மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஞாயிறு அவள் தலைகூடச் சீவி இழுக்காமல், பழைய மழைக்கோட்டோடு காரில் ஏறினாள். சேலை அம்மாவின் பையில் வந்தது. மலையடிவாரத்தில் ஒவ்வொரு கார் வந்து நிற்கும்போதும் அம்மா தன் சேலைத் தலைப்பைச் சரிசெய்தார், அக்கா என் கையை இறுக்கினாள், இறங்கியவர்களோ நாயோடு வந்த ஜெர்மன் கிழவர்கள். அப்பா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. மஞ்சளும் சிவப்புமாய் நின்ற மரங்களுக்குள்ளால் விறுவிறென்று மேலே ஏறினார். அந்த அவசரமும் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

உச்சியில் அக்கா கேட்டேவிட்டாள்: "ஆருக்குக் காட்ட என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

அப்பாவுக்கு முதலில் விளங்கவில்லை. அம்மாவின் பைக்குள் தெரிந்த சேலையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. கீழே தெரிந்த சின்ன நகரத்தைக் காட்டினார்.

"அந்தா, அந்த நீட்டுக் கட்டடம். அகதியா வந்த புதுசிலை அந்த ஹைமிலைதான், அகதி விடுதியிலைதான் இருந்தனான். இந்த மலை அடுத்த மாவட்டம். எங்களுக்கு எல்லை தாண்ட அனுமதி இல்லை. ஒவ்வொரு வருசமும் இது நிறம் மாறிக் கொட்டுறதை ஜன்னலாலை பாத்துக்கொண்டு இருந்தன். விசா வந்த பிறகு வேலை இங்கை வர விடேல்லை." அக்காவின் பக்கம் திரும்பி, "நீ ஹம்பேர்க்குக்குப் போ பிள்ளை. போக விடாமல் வைச்சிருக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

அம்மா ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். மிஞ்சியதை, பின்னால் ஏறி வந்த அந்தக் கிழவர்களுக்கும் கொடுத்தோம்.

இப்போது அந்த ஹைமை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள். சூட்கேஸும் இல்லை, சேலைகள் அலமாரியில் தொங்குகின்றன. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. அப்பா போய் இரண்டு இலையுதிர்காலம் ஆகிறது. போன கிழமை ஹம்பேர்க்கிலிருந்து அக்கா போன் எடுத்தாள்.

"சனிக்கிழமை வாறன். அந்த மலைக்கு இலை பாக்கப் போவம்."

பழைய பழக்கம், என் வாயில் வந்துவிட்டது: "வேறை ஆர் வருகினம்?"



"ஒருத்தரும் இல்லை" என்றாள். இந்த முறை உடனே நம்பினேன்.