ஒரு கிராம் குறைந்த வெள்ளி ரூபாய்

போன வருடம் மே மாதம், கோடை விழாக் கூட்டம் ஏற்காட்டை அடைத்துக்கொண்டு நின்ற நாட்களில் இது நடந்தது. எனக்குப் பேத்தி பிறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மலையிலேயே வாழவந்தி கிராமத்தில் இருக்கும் என் அக்கா குழந்தையைப் பார்க்க ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வரும் ஒரு வெள்ளி ரூபாயை என் கையில் வைத்தார்.

"நம்மூட்ல எங்க கொழந்த பொறக்குதோ இது அந்த ஊட்டுக்குப் போவோணும் சாமி. இத எதுக்குன்னா..." என்று ஆரம்பித்தார்.

"தெரியுங்க்கா" என்று சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பத்து நான்கு வருடம் அரசுக் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு 'தெரியாது' என்ற சொல் சுலபத்தில் வாயில் வராது.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகனிடம் இதைச் சொன்னது முதல் தவறு. அன்று மாலையே மூன்று வீடியோக்கள் அனுப்பினான். பழைய ரூபாய் ஒன்று வைத்திருந்தால் போதும், லட்சக்கணக்கில் கொடுக்க ஆள் காத்திருக்கிறது என்று அதில் ஒருவன் கத்தினான். கடைசியில், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்ப வேண்டும் என்றான். வாங்குகிறவன் விற்கிறவனிடம் கட்டணம் கேட்கும் வியாபாரத்தை நான் எந்த விதிப் புத்தகத்திலும் படித்ததில்லை. "எதையும் முறைப்படி செய்ய வேண்டும், நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று மகனுக்குப் பதில் அனுப்பினேன்.

முறைப்படி ஆரம்பித்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் பூ வேலைப்பாட்டுக்கு நடுவில் 1862. அந்த வருடத்தைப் போட்டே பிறகும் சில வருடங்கள் அடித்தார்கள் என்பதால் வயதைத் திட்டமாகச் சொல்ல முடியாது. காந்தம் வைத்தேன், ஒட்டவில்லை. அடுத்தது எடை. அந்தக் காலத்து ரூபாய் ஒரு தோலா, அதாவது பதினொன்றே முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு. கடைத்தெருவில் இருக்கும் நகைக்கடையில் கொடுத்து மூன்று முறை எடை போடச் சொன்னேன். மூன்று முறையும் பத்தரைக்குச் சற்று மேல்தான் காட்டியது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கைமாறிக் கைமாறித் தேய்ந்தாலும் முழுசாக ஒரு கிராம் தேயாது. விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் இருக்க வேண்டிய வரிவரியான கோடுகள் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. போதாதா எனக்கு? எடை குறைவு, விளிம்பில் கோளாறு. அசலை யாரோ எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அம்மா போன பிறகு காசு அக்காவிடம்தான் இருந்தது. ஆகவே விசாரணை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

போனில் கேட்டேன். கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. காசை எப்போதாவது ஆசாரியிடம் கொடுத்தீர்களா? அடகு வைத்தீர்களா? வீட்டில் வேறு யாராவது அதை எடுத்துப் புழங்கினார்களா?

மூன்றாவது கேள்வியோடு அக்கா என்னை நிறுத்தினார். "ஏனுங்க ஆபீசருங்களே, இதெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கோணுங்களா?"

அதோடு போனை வைத்துவிட்டார். ஒரு வாரம் நானும் விடாமல் அடித்தேன், அவரும் விடாமல் எடுக்காமல் இருந்தார். எட்டாம் நாள் அக்காவின் மகன் கூப்பிட்டான்.

"மாமா, பேரு வெக்கறதுக்கு அம்மா வர்லீங்களாம். வந்தா திரும்பறப்ப யாராச்சும் பையச் சோதிப்பீங்களாம்."

என் மகனுடன் பிறந்த பெண் கிடையாது. அத்தை முறைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் மிச்சமிருப்பது என் அக்கா ஒருவர்தான். அவர் இல்லாமல் பேர் வைப்பதாக இருந்தால் ஊரைக் கூப்பிடவே வேண்டியதில்லை. என் மனைவி சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "ஒரு கிராம் வெள்ளி என்ன வெலைங்க? அதுக்குப் போயி இருக்கற ஒரே அக்காவத் தொலச்சுப்போட்டு வந்து நிக்கறீங்க."

சமாதானம் பேசப் போயிருக்க வேண்டும். நான் போனது சேலத்துக்கு, என் முடிவு சரிதான் என்று பழைய நாணய வியாபாரி ஒருவர் வாயால் கேட்க. விழாக் கூட்டத்துக்காக மலையிலிருந்து இறங்குகிற வண்டிகளையெல்லாம் குப்பனூர் சுற்றுப் பாதையில் திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாக நீண்டது. வழியெல்லாம் அரசாங்கத்தையும் அக்காவையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே போனேன்.

வியாபாரி காசை விளிம்பில் மட்டும் பிடித்து வாங்கினார். மேசை மேல் லேசாகத் தட்டிச் சத்தத்தைக் கேட்டார். லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"அசல்தாங்க சார்."

"எடை குறைகிறதே?"

"கொறையத்தான் செய்யும். போலின்னா சுத்திலும் ஒரே மாதிரி மொண்ணையா இருக்கும். இதுல முக்காவாசிக் கோடு சுத்தமா இருக்குது பாருங்க. இந்த எடம் மட்டும் சரிஞ்சு தேஞ்சிருக்குது. அரம் போட்டா கீறல் தெரியும், அதுவும் இல்ல. ஈரக் கல்லுல வருசக்கணக்கா ஒரசியிருக்காங்க. எதுக்குன்னு ஊட்ல பெரியவங்களக் கேட்டுப் பாருங்களேன்."

ஊட்டில் எனக்குப் பெரியவர் ஒருவர்தான் இருந்தார், அவர் என் போனை எடுப்பதில்லை. விலை கேட்டேன். வெள்ளி விலைக்கு மேல் கிடைக்காது, சேர்த்து வைப்பவர்கள் தேய்ந்த காசைத் தொடமாட்டார்கள் என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் வாழவந்தி போனேன். அக்கா வாசலில் சாக்கை விரித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். "வாங்க" என்றார். எழவில்லை.

"காசு அசல்தானாம்க்கா."

"அது எனக்குத் தெரியாதுங்களா? கொறஞ்சது எங்க போச்சாம்?"

"கல்லுல ஒரசியிருக்காங்களாம்."

"ஆரு ஒரசுனாங்க, ஆருக்கு ஒரசுனாங்க? அதக் கண்டுபுடிக்கலீங்களா சேலத்துல?"

சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கியபடியே அக்கா சொல்லத் தொடங்கினார்.

"நீ பொறந்து நாலு மாசம் குடிக்கற பாலெல்லாம் கக்கிட்டே கெடந்தே. அம்மா எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கப் போயிரும். அப்பா அங்கியே கணக்கெழுதற ரைட்டரு, பொழுதுக்கும் ஆபீஸ்தான். எனக்கு எட்டு வயசு. பள்ளிக்கொடத்த நிறுத்திப்போட்டு உன்னையப் பாத்துக்கச் சொன்னாங்க. வசம்பையும் இந்தக் காசையும் கல்லுல தண்ணி உட்டு ஒரசி, சங்குல உன்ற வாயில ஊத்துனது நாந்தான். நம்ம ஊட்டுல எத்தன கொழந்தைக்கு ஒரசுனாங்களோ, நீதான் அதுல நொம்பத் தின்னவன். காணாமப் போன ஒரு கிராம உன்ற வயித்துக்குள்ள தேடு."

எத்தனையோ பேரிடம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறேன். நான் விளக்கம் கொடுத்துப் பழக்கமில்லை. "தப்புதாங்க்கா" என்றேன்.

"எழுதிக் குடு" என்றார். சிரிக்கவில்லை.

பஸ் டிக்கெட் தவிர என்னிடம் தாள் இல்லை. அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுக்க, அவர் மருமகள் பழைய காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்தாள். 'என் அக்காவைச் சந்தேகப்பட்டது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா எண்ணெய்க் கையைச் சாக்கில் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு சுளை கிடைத்தது.

பேர் வைக்கும் நாளன்று வந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாக என் மருமகள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "டாக்டர் சொல்றபடி செய் கண்ணு. ஒரசோணும்னு ஒண்ணுமில்ல, மிச்சமிருக்கறத சும்மா வெச்சுக்க" என்று அக்கா காசை அவளிடம் கொடுத்தார். பிறகு சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி என் பக்கம் திரும்பி, "எட போட்டுக்கறியா சாமி?" என்றார். பந்தியே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தாமதமாக.

காசு இப்போது கோயம்புத்தூரில் பேத்தியின் தடுப்பூசி அட்டையோடு பீரோவில் இருக்கிறது. வேலைக் காலத்தில் எங்கே என்ன குறைந்தாலும் எடுத்தவன் யார் என்று கேட்கத்தான் பழகியிருந்தேன். இப்போதும் வீட்டில் ஏதாவது குறைந்தால் அந்தக் கேள்விதான் முதலில் நாக்கு நுனிக்கு வருகிறது. வந்ததும் வாயை மூடிக்கொண்டு, ஒருமுறை என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.