அப்பாவுக்காக மாமா ஊதிய மூச்சு

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். மழைக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டியும் வரவில்லை, போனில் சார்ஜும் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் என் தமிழ் வாத்தியாரைப் பிடியுங்கள்.

அப்பாவுக்கு திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. பஞ்சு பிரிக்கிற இடம். தலையெல்லாம் பஞ்சு பூத்துத்தான் வீட்டுக்கு வருவார். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை போனால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் என்றால் எனக்கும் வயிற்றுவலி வருமென்பதால், அப்பாவும் நம்ம கட்சிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஊர் ஊராக மில் ஆட்களின் நெஞ்சைச் சோதிக்கிற டாக்டர்கள், எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டார்கள். ஒரு குழாயில் மூச்சுப் பிடித்து ஊத வேண்டும். அதில் இருக்கிற முள் ஏறாவிட்டால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று தெருவே பேசியது. அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருந்த நேரம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கல்யாண பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுபவர்.

"ஏக்கா, இதுக்கா அழுகுற? மச்சானுக்கு நா ஊதிட்டு வாரேன்."

அப்பாவின் மில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

மாமா ஊதிய ஊதலில் முள் கடைசியில் போய் முட்டியது. டாக்டரம்மா அசந்துபோனார்.

"இத்தனை வருஷம் பஞ்சுல வேலை பாத்துமா இப்படி ஊதுறீங்க?"

"எல்லாம் வீட்டுச் சோறும் வெஞ்சனமுந்தான் தாயி."

"அப்பா, போதும் வாங்க" என்று மாமாவை இழுத்தேன். விட்டால் ஊர்வலப் பாட்டே வாசித்திருப்பார்.

வெளியே வந்தால், மில் சட்டையும் கையுமாகத் தெரு ஆண்கள் நிற்கிறார்கள். மாமா சட்டை மாற்றி, மேசை மாற்றி, கன்னம் வீங்க ஊதினார்.

எங்கள் மில் ஆட்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டர்கள் போய்விட்டார்கள். அவரவர் மூச்சை அவரவரே ஊதிய பக்கத்து மில்லில் ஒருத்தருக்கும் வேலை போகவில்லை. தூசி இழுக்கிற மிஷின்தான் வந்தது. எங்கள் மில்லில் பஞ்சு அப்படியே பறந்தது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

இப்போது அப்பா வாசல்வரை வருவதற்குள் சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்குகிறார்.

இதுவரை எழுதியதைப் பக்கத்து வீட்டுச் சேக்காளிக்கு அனுப்பினேன். அவன் அப்பாவும் அதே மில். போன வருசம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். வழக்கமாகச் சிரிப்புப் பொம்மையாக அனுப்புகிறவன், இந்தத் தடவை ஒரே வரி அனுப்பினான்:

"ஏலே, எங்கப்பாவுக்கும் ஒங்க மாமாதான் ஊதுனாரா?"