மஞ்சள் லேபிளில் என் தங்கை

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசைக்கு ஒரு வாடை உண்டு. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இரும்பு. இன்றைக்கும் சுவரொட்டி ஒட்டுகிறவர்களின் வாளியைக் கடந்துபோனால் எனக்கு வயிறு எரியும். பசியால் அல்ல, பொறாமையால். காரணம், அந்தப் பசையால் நாங்கள் டப்பிகளில் ஒட்டிய ஒரு பல்பொடி லேபிள்.

நன்னிலத்தில் ஓர் அரிசி மில்லில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அங்கே மலையாகக் குவிந்து கிடந்த உமிக்கரியைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் அதில் உப்பும் கிராம்பும் சேர்த்து இடித்து, அட்டை டப்பிகளில் அடைத்து விற்கப் புறப்பட்டார். பொடி தயாரிக்க ஒரு வாரம் ஆயிற்று. லேபிள் தேர்ந்தெடுக்கத்தான் நாலு மாதம் போயிற்று. கூலித் தகராறில் அறுவடை நின்று, வயலுக்கு வயல் கொடி பறந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார்.

முதலில் சிவப்பு லேபிள். பண்ணைவீட்டுக் காரியக்காரர் டப்பியைத் தொடவே இல்லை. “வயல்ல நட்டது போதாதுன்னு எங்க கெணத்தடியிலயும் செங்கொடி நடுறீங்களாக்கும்” என்றார். அடுத்து பச்சை. அது நிலக்காரர் சங்கத்துக் கொடியின் நிறமாம்; கூலிக்காரத் தெருவில், “மொதல்ல கூலிய ஒசத்தச் சொல்லுங்க, அப்பறம் பல்லு வெளக்குறோம்” என்று திருப்பி அனுப்பினார்கள். கறுப்பும் சிவப்புமாகப் போட்டபோது டீக்கடைக்காரர், “ஆளுங்கட்சில சேந்துட்டீங்களாண்ணே, சொல்லவே இல்லையே” என்று துக்கம் விசாரித்தார். வெள்ளையோ கரிக்கை பட்டு, சாவுச் சேதி அச்சடித்த காகிதம்போல் ஆகிவிட்டது.

“மஞ்சளுக்கு எவனும் கொடி கட்டல. மஞ்ச காயிதத்துல ஒரு புள்ள படம். சிரிக்கிற புள்ள எந்தக் கட்சின்னு எவன் கேப்பான்?” என்று அப்பா முடிவு கட்டினார்.

எந்தப் பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் மூத்தவள், பத்து வயது, தங்கை கௌரிக்கு ஏழு. அப்பாவோடு உமிக்கரி சலித்து மூக்கெல்லாம் கறுத்தவளும் நான்தான். ஒரே ஒரு சங்கடம், என் எத்துப்பல். நான் ஒரு வீட்டுக்குள் நுழைவதற்குச் சற்று முன்பே அது நுழைந்துவிடும். ஸ்டுடியோக்காரர் கௌரியிடம், “நல்லா சிரிம்மா” என்றார். என்னிடம், “நீ வாய மூடிக்கம்மா” என்றார். பல்பொடிக்குப் படம் பிடிக்க வந்தவளிடம் சொல்கிற பேச்சா அது?

கௌரி படம்தான் அச்சுக்கான பிளாக் செய்யக் கும்பகோணத்துக்குப் போனது. நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை என்பது தனி எரிச்சல்.

சோதனைக்காக அச்சடித்த முதல் தாளை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தார். மஞ்சள் காகிதம், ஒரே கறுப்பு மை. அம்மா அழகு என்றாள், கௌரி வெட்கப்பட்டாள். நான் பார்த்தேன். மை படாத இடமெல்லாம் காகிதத்தின் நிறம்தானே? என் தங்கையின் ஆறு முன்பற்களும் பழுத்த பலாச்சுளைபோல் மஞ்சளாக மின்னின. நாலு மாதம் கொடிகளின் நிறத்தையே பார்த்துக் களைத்த அப்பாவின் கண்ணுக்கு அது படவில்லை.

“நல்லாருக்காடி?” என்று என்னிடம் கேட்டார்.

“ரொம்ப நல்லாருக்குப்பா” என்றேன். பொறாமை என் வாயிலிருந்து அவ்வளவு இனிமையாக வந்தது அன்றைக்குத்தான்.

கட்டுக்கட்டாக லேபிள் அச்சாகி வந்தது. முதல் கடையிலேயே, “இந்தப் புள்ள வேற ஏதோ பொடி போட்டு வெளக்குதுபோல” என்று கடைக்காரர் சிரித்தாராம். அப்பா முழுப் பையோடு திரும்பி வந்து, சைக்கிளை நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டு ஒரு லேபிளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ பாக்கலையாடி? ஒனக்குத்தான் கண்ணு நல்லா தெரியுமே.”

“இல்லப்பா” என்றேன். கௌரியின் பல் அழுக்காக வேண்டும் என்று ஆசைப்பட்டேனே தவிர, அப்பாவின் முகம் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

வழி சொன்னதும் கௌரிதான். “பல்லுல சுண்ணாம்பு தடவுனா வெள்ளையாயிடும்லப்பா?” அதிலும் முந்திக்கொண்டாள். கோந்து கலந்த சுண்ணாம்பும் துடைப்பக் குச்சியும் என் கைக்கு வந்தன, கை நிதானம் எனக்குத்தான் என்பதால். லேபிளுக்கு ஆறு பல். கோடை விடுமுறை முழுக்க என் தங்கையின் பல்லை நானே விளக்கிவிட்டேன். பொடி விற்றது. கடைத்தெருவில் அவள் ‘பல்பொடிப் பாப்பா’ ஆனாள். நான் ‘பல்பொடிப் பாப்பாவோட அக்கா’.

அப்பா இன்றில்லை. மில் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறது. மஞ்சளுக்கும் யாரோ கொடி கட்டிவிட்டார்கள். போன மாதம் பட்டுக்கோட்டையில் கௌரி வீட்டுக்குப் போனேன். அவளுக்கு இப்போது பல்செட். எனக்கு எத்துப்பல் உட்பட எல்லாம் சொந்தப் பல். அந்தத் திமிரோடு காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பழைய பெட்டியில் கிடைத்ததென்று ஒரு லேபிளைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். சுண்ணாம்பு மொத்தமும் உதிர்ந்திருந்தது. ஆறு பல்லும் மஞ்சள்.

“கூடத்துல மாட்டப்போறேன். நல்லாருக்காக்கா?”

அவள் முகத்தைப் பார்த்தேன், லேபிளைப் பார்த்தேன்.

“ரொம்ப நல்லாருக்குடி” என்றேன்.