மூன்று முதலாளிமாரும் ஒரே விலையும்

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதியில், பங்குனி மாதத்துக் காலைப் பொழுதொன்றில், சாய்ந்தமருதுக் கடற்கரையில் நிகழ்ந்தது இது. எனக்கும் என் மச்சானுக்கும் சொந்தமான கரைவலையில் அன்று மடி கிழியுமளவுக்குக் கீரி மீன் பட்டிருந்தது. வலை இழுத்த இருபது பேரின் வீடுகளும் அம்மீனை நம்பியே அடுப்பு மூட்டக் காத்திருந்தன.

கரையில் மீன் வாங்க வரும் முதலாளிமார் ஒருவருக்கொருவர் விலையைக் கூட்டிக் கேட்பதே வழக்கம். அன்று வந்த மூவரில் ஒருவர் மட்டுமே விலை சொன்னார். அது முன்தினத்து விலையிற் பாதி. மற்ற இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றனர். முன்கூட்டியே பேசிவைத்து வந்திருக்கிறார்கள் என்பது விளங்கியது.

"இந்த விலைக்குத் தரமாட்டன்" என்றேன்.

"தராட்டி என்ன செய்வீங்க தம்பி? மத்தியானம் ளுஹருக்கு முந்தி நாறிப்போகும். நாங்க இஞ்சதான் நிப்பம்" என்றார் அவர்.

கருவாடு போடலாம் என்ற துணிவிலேயே மறுத்திருந்தேன். ஆனால் அன்று எல்லா வலைகளிலும் மீன் பட்டிருந்தமையால் கடைகளில் உப்பு ஒரு பிடியும் மிஞ்சவில்லை. அதை விசாரியாமல் வீரம் பேசியது என் பிழை.

"மச்சான்ட கதையில நல்ல உப்புக் கிடக்கு, அத அள்ளிப் போடுங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னான் மச்சான். எல்லோரும் சிரித்தனர். என்னாற் சிரிக்க முடியவில்லை.

வலை இழுத்தவர்களில் ஒருவர், "வித்துத் தாங்க காக்கா. ஊட்டில அரிசி ஒரு மணியும் இல்ல" என்றார்.

அவர் கேட்டது அரிசி. காசு அதற்கு ஒரு வழி மாத்திரமே. காரைதீவு வயல் வட்டைகளிலோ அறுவடை முடிந்து சூடு மிதிக்கும் காலம். நெல் அங்கே குவிந்து கிடந்தது. உடனே இரண்டு மாட்டு வண்டில்களைப் பிடித்து மீனை ஏற்றினோம்.

முதல் வண்டில் நிறைந்ததும், பேசாதிருந்த முதலாளியொருவர் என் காதருகே வந்தார். "நான் கொஞ்சம் கூட்டித் தாறன், மற்ற ரெண்டு பேருக்கும் சொல்லாதீங்க" என்றார்.

"நாளைக்கு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க, முதலாளி" என்று வண்டிலை ஓட்டச் சொன்னேன்.

களத்துக்குள் மீன் ஏறலாகாது என்ற வழக்கத்தால் வரம்போரமே நிறுத்தினோம். "என்ன காக்கா, வயலுக்குள்ள கடல் மணக்குது?" என்று ஒரு விவசாயி ஓடி வந்தார். "நாலு நாளா வெறுஞ்சோறு. இறக்குங்க, நெல்ல அளக்கிறன்." அடுத்தடுத்த களங்களிலிருந்தும் ஆட்கள் வந்தனர். ளுஹர் பாங்கு கேட்பதற்கு முன் வண்டில்களில் மீன் இல்லை. நெல் மூட்டைகளே இருந்தன. அன்று இருபது வீடுகளிலும் உலை கொதித்தது. மறுநாள் கரையில் மூன்று முதலாளிமாரும் மூன்று விலை கேட்டனர்.

பிற்காலத்தில், கல்லூரி முதலாண்டு மாணவருக்கான பொருளியல் நூலொன்றை வாங்கி நானாகவே படித்தேன். வாங்குவோரின் கேள்வியும் விற்போரின் நிரம்பலும் சந்திக்கும் இடத்தில் விலை அமைகிறது என்றது அந்நூல். அச்சந்திப்புக்கு யார் யார் வரலாம் என்பதை மூன்று பேர் தீர்மானிக்க விடலாகாது என்று அப்பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். இன்றும் அதில் ஓரெழுத்தையேனும் அழிக்க எனக்கு மனமில்லை.