விடியற்காலை பஸ்ஸும் பகுதித் திருப்தியும்

இன்னொருவர் எழுந்து நின்று பேசவேண்டியதை உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில்.

தலைநகர் பேர்ணில், நாடாளுமன்ற மேலவையில் எங்கள் மாநிலத்துக்காக இருக்கும் செனட்டர் ஒருவரின் உதவியாளர் நான். தண்ணீர்ச் சட்டம், காட்டுச் சட்டம், பாதை, பாலம் எதுவானாலும் அவருடைய பேச்சின் முதல் வரைவு என்னுடையது. நாலு பேர் இருக்கும் அறையில் வாய் திறக்காத எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று அம்மா இன்னும் வியக்கிறார். சின்ன வயதிலிருந்தே, இந்த நாட்டு மொழி தெரியாத பெற்றோருக்காகவும் பக்கத்து வீட்டு மாமாவுக்காகவும் அரசாங்கக் கந்தோர்களில் கதைத்து வளர்ந்த உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பிறருடைய தேவையை நம் வாயால் சொல்லிவிட்டு, மூன்றாம் ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது நமக்குப் பழகிய நிலைதானே.

இருமல்

வேலைக்குச் சேர்ந்த அன்றே செனட்டர் கையை நீட்டி, "நான் மார்லீஸ்" என்றார். இனிமேல் பெயர் சொல்லி, "நீ" என்றே பேசலாம் என்று இந்த நாட்டில் அதற்குப் பொருள். அவருக்கு என் அம்மாவைவிட வயது கூட. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு "நீ"யும் "நீங்கள்"உம் இல்லாமலே காலம் தள்ளினேன். கோப்பி வேண்டுமா என்று கேட்காமல், "கோப்பி இருக்கிறது" என்பேன். நடையில் முன்னால் போகிறவரை நிறுத்தவேண்டுமானால் பின்னாலிருந்து இருமுவேன்.

ஒரு மாரிகாலத்தில் எனக்கு உண்மையாகவே தடிமன் வந்தது. நாடாளுமன்ற நடையில் நான் இருமும்போதெல்லாம் அவர் நின்று திரும்பிப் பார்த்தார். நான் கையை ஆட்டி ஒன்றுமில்லை என்றேன். கடைசியில் பொறுமையிழந்து சொன்னார்: "ஒரே ஒரு தடவை மார்லீஸ் என்று சொல்லிப் பார். இருமல் மருந்தைவிட அது மலிவு."

தோய்க்கும் அறை

எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கும் அறை நிலக்கீழே இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். எங்கள் நாளுக்கு அடுத்தது கீழ்வீட்டு மலர் அக்காவின் நாள். நான் உடுப்பை எடுக்கப் பிந்தினால் அவர் கூடையோடு வந்து நிற்பார். அவர் மலைக்கிராமம் ஒன்றின் முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தார். அந்த இல்லம் அவரைப் பராமரிப்பாளர் படிப்புக்கு அனுப்ப ஒத்துக்கொண்டிருந்தது. காலை வேலைக்கு வந்தால்தான் படிப்பு. காலை வேலைக்குப் போவதென்றால் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அந்த பஸ்ஸைத்தான் ஏறும் ஆட்கள் போதாதென்று நிறுத்தப்போகிறார்கள். அக்காவுக்குக் கார் ஓடத் தெரியாது.

"பிள்ளை, உம்மடை அந்த மனுசி பேர்ணிலை சட்டம் போடுறவதானே?"

"ஓம் அக்கா. ஆனா பஸ் விசயம் அங்கை..."

"ஆனா எண்டு இழுக்காதையும். பத்து வருசமாய் நிலம் துடைச்சிட்டன். இப்பதான் ஒரு ஆள் என்னைப் பாத்து, நீர் படிக்கலாம் எண்டு சொல்லியிருக்கு."

"கேட்டுப் பாக்கிறன் அக்கா."

"பாக்க வேண்டாம், கேளும்." என் ஈர உடுப்பை இயந்திரத்திலிருந்து தானே அள்ளி என் கூடையில் போட்டார். "சட்டமெல்லாம் ஆறுதலாய்ப் போடட்டும், எனக்கு முதல்லை பஸ்ஸை விடச் சொல்லும்."

திருப்தியா?

அடுத்த நாள் இருமாமல் கேட்டேன். மார்லீஸ் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மலைக்கிராமங்களில் விடியற்காலை வேலைக்குப் போகிறவர்களைப் பற்றி அரசாங்கத்திடம் மேலவையில் கேள்வி எழுப்புவதாக முடிவு செய்தார். என் வரைவின் முதல் பந்தி முழுக்க மலர் அக்கா. அதை அவர் வெட்டினார். மேலவையில் குரலை உயர்த்துவதில்லை, கை தட்டுவதில்லை, யாருடைய கண்ணீரையும் கொண்டுவருவதில்லை. அது அங்கத்தைய வழக்கம்.

ஆனாலும் நன்றாகத்தான் பேசினார். கிராமத்துக்கு மண்டபம் கட்டப் பணம் கொடுக்கிற நாடு, அந்தக் கிராமத்து முதியவரைக் கழுவித் துடைக்கிறவர் அங்கே போய்ச்சேர வழி விடவேண்டாமா என்று கேட்டார். கைபேசியில் குனிந்திருந்த சிலர் நிமிர்ந்தார்கள். அமைச்சர், விடயம் முக்கியமானதுதான், ஆனால் எந்த பஸ் ஓடவேண்டும் என்பதை மாநிலமும் கிராமமும்தான் தீர்மானிக்கவேண்டும் என்றார். கேள்வி கேட்டவர் இந்த இடத்தில் தன் திருப்தியை அறிவிக்கவேண்டும். திருப்தி, பகுதியாகத் திருப்தி, திருப்தியில்லை, இந்த மூன்றில் ஒன்று. பார்வையாளர் மேல்மாடத்தில் இருந்த நான் மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். "பகுதியாகத் திருப்தி" என்று சொல்லிவிட்டு அவர் அமர்ந்தார். அடுத்த விடயம், ஆடு பிடிக்கும் ஓநாயைச் சுடலாமா என்பது. சபை உடனே சுறுசுறுப்பாகிவிட்டது.

எந்தப் பகுதியில் திருப்தி என்று வெளியே வந்ததும் கேட்டேன். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "திருப்தியில்லை என்று சொன்னால் கதவு சாத்தப்படும். பகுதி என்றால் ஒரு விரல் நுழையும் அளவுக்காவது திறந்திருக்கும்."

ஓரத்துக் கதிரைகள்

அந்த ஒரு விரல் இடைவெளியால் விடயம் அந்த மலைக்கிராமத்தின் சபைக்கு வந்தது. விடியற்காலை பஸ்ஸின் செலவில் ஒரு பங்கைக் கிராமமே ஏற்குமா என்று ஊரார் கை உயர்த்தி முடிவு செய்யவேண்டும். வாக்கு இல்லாதவர்களுக்கு மண்டபத்தின் ஓரத்தில் தனிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். இன்னும் குடியுரிமை பெறாத மலர் அக்கா அங்கே அமர்ந்தார். குடியுரிமை இருந்தும் வேறு ஊர்க்காரியான நான் பக்கத்தில். எனக்குப் பக்கத்தில், முழு நாட்டுக்கும் சட்டம் இயற்றுகிற மார்லீஸ். அவரும் அந்த ஊர் இல்லை.

சபையிடம் அனுமதி கேட்டு மார்லீஸ் பேசினார். பேர்ணில் பேசியதைவிட எளிமையாக, இல்லத்தில் இருக்கும் முதியவர்கள் இந்த ஊர்க்காரர்தானே என்று தொடங்கினார். நடுவரிசையிலிருந்து ஒரு விவசாயி, "நல்ல பேச்சு. ஆனால் நீங்களே காரில்தானே வந்தீர்கள்!" என்றார். மண்டபமே சிரித்தது. மாலையில் அந்த ஊருக்கு பஸ்ஸே இல்லை என்று மார்லீஸ் சொன்னது சிரிப்பில் அமுங்கிப்போனது.

பஸ்ஸுக்கு ஆதரவானவர்கள் கை உயர்த்துங்கள் என்றார் தலைவர். பல கைகள் எழுந்தன, ஆனால் போதாது என்று பார்த்தாலே தெரிந்தது. என் பக்கத்திலும் ஒரு கை. மலர் அக்கா, வகுப்பில் விடை தெரிந்த பிள்ளையைப்போல நிமிர்ந்து, கையை நேராகப் பிடித்திருந்தார். மார்லீஸ் தன் மடியைப் பார்த்தார். கை எண்ணிக்கொண்டு வந்த பெண் குனிந்து, மிக மரியாதையாகச் சொன்னார்: "மன்னிக்கவேண்டும், இந்தக் கதிரைகளை நாங்கள் எண்ணுவதில்லை."

ஓல்டன் ரயில்

வாக்குத் தோற்று பஸ் நிறுத்தப்பட்டது, மலர் அக்காவின் படிப்பும் அதோடு போனது. அடுத்த அமர்வில் போக்குவரத்துச் சட்டத் திருத்தம் வந்தபோது, வேலைநேரங்களையும் "கவனத்தில் கொள்ளவேண்டும்" என்ற ஒரு வரியை மார்லீஸ் எல்லோரோடும் பேசிப் பேசி உள்ளே சேர்த்தார். அது பெரிய வெற்றி என்று சக உறுப்பினர்கள் கைகொடுத்தார்கள். அந்த வரியை எழுதியது நான். யாரையும் உறுத்தாத வரி. எந்த பஸ்ஸையும் திருப்பிக் கொண்டுவராத வரி. அன்று எல்லோரும் போனபிறகு மார்லீஸ் மேசை முன்னால் இருந்து அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். "மார்லீஸ், கோப்பி இருக்கிறது" என்றேன். நான் பெயர் சொன்னதைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லை.

இந்த மாதம் பேர்ண் போகும் ரயிலில், எதிர் இருக்கையில் மலர் அக்காவைக் கண்டேன். வழியில் உள்ள ஓல்டனில் வேறொரு முதியோர் இல்லத்தில் வேலையாம்.

"அங்கை படிக்க விடுவினமோ அக்கா?"

"முதல்லை துடைச்சுக் காட்டட்டாம், பிறகு பாப்பமாம். திரும்பவும் அடியிலையிருந்து." சிரித்தார். நான் யன்னல் பக்கம் திரும்பினேன். ஓல்டன் நெருங்கியதும் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து, என் தலையில் மெல்லத் தட்டினார்.

"மூஞ்சையை உப்பிடி வச்சிருக்காதையும் பிள்ளை. ரயில் நேரத்துக்கு வருது, இருக்க இடமும் கிடைக்குது. உம்மடை மனுசி கேட்டா, மலரும் பகுதியாய்த் திருப்தியாம் எண்டு சொல்லும்."

என்னிடம் இப்போது நல்ல வாக்கியங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றில் ஒன்றில்கூட ஏறி விடிய அந்த மலைக்குப் போகமுடியாது என்பதைத் தவிர இந்த வேலையில் பெரிய குறையொன்றும் இல்லை.