அம்மா தேர்ந்தெடுத்த மெஷின்

அம்மாவுக்குத் தெரிந்த மெஷின் ஒன்றே ஒன்றுதான், மாவு மில். அங்கும் உள்ளே போகமாட்டாள், மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நிற்பாள். எங்கள் வீட்டுப் பட்டறைக்கு எந்த மெஷின் என்று முடிவு செய்தது அவள்தான் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

புத்தூர்ப் பக்கத்து எங்கள் கிராமம் ஆந்திராவில் இருக்குமா, மதராஸோடு சேருமா என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மதராஸிலிருந்த பெரியப்பா, எல்லை எப்படிப் போனால் என்ன, நீ குடும்பத்தோடு வந்துவிடு என்று என் அப்பாவுக்கு, அதாவது நைனாவுக்கு, கடிதம் மேல் கடிதம் போட்டார். நைனாவும் அறுவடை முடியட்டும் என்று பதில் எழுதிவிட்டார். எனக்கு எட்டு வயது. கடலைப் பார்க்கப் போகிறேன் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. அம்மாவின் பிறந்த வீடு அடுத்த தெருவில்தான். தினம் ஒரு தடவையாவது அங்கே போய்விட்டு வந்தால்தான் அவளுக்குப் பொழுது போகும்.

அந்த நேரம் பார்த்து, நைனா பதினெட்டு வருஷம் வேலை செய்த ரேணிகுண்டா பட்டறையை மூடினார்கள். டிரில்லிங் மெஷின், மில்லிங் மெஷின், இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றார் முதலாளி. ஊர் மாறும்வரை வீட்டுக் கொட்டகையில் தொழில் செய்யலாம் என்பது நைனாவின் கணக்கு.

“டிரில்லிங்கே போதும். ரெண்டு ஆளு தூக்கினா வண்டியில ஏறிடும். மெட்ராசுக்கும் எட்த்துக்கினு போலாம்” என்றார் சாப்பிடும்போது. எனக்கும் அதுதான் வேண்டும், அதில் சுற்றுவதற்குக் கைப்பிடி இருந்தது. ஆனால் அடுத்த வாய்க்குள் நைனா மில்லிங் மெஷினுக்குப் போய்விட்டார். இரும்பில் நீளப் பள்ளமாகக் காடி வெட்டும், பல்சக்கரம் செய்யும், கேட்டால் துளையும் போடும் என்று சொல்லச் சொல்ல, பிசைந்த சோறு தட்டிலேயே காய்ந்தது.

“அந்த மெஷினயும் கயட்டி வண்டியில ஏத்தலாமா?” என்றாள் அம்மா.

“அதுக்குக் குழி தோண்டி, ஜல்லி கொட்டி, போல்ட்டு புதைக்கணும். உக்கார வெச்சா வெச்சதுதான். அப்பால யாராலயும் அசைக்க முடியாது.”

அம்மா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். “ஆசப்பட்டத உட்டுட்டு காலமெல்லாம் பொலம்பிக்கினு இருப்பீங்க. அத்தியே எட்த்துக்கினு வாங்க.”

நைனா கை கழுவக்கூட மறந்து சிரித்தார். எனக்கோ ஆத்திரம். பாத்திரக் கடையிலும் அம்மா இப்படித்தான், எது கனமோ அதுதான் அவளுக்கு உசத்தி. மெஷினையும் அண்டா மாதிரி வாங்குகிறாளே என்று இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மெஷின் வந்தது, ஜல்லிக்குள் கால் ஊன்றி நின்றது. அதன் எண்ணெய் வாசனையும், மாலை முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே நைனா சீட்டியடித்ததும் நினைவுக்கு வந்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அறுவடை முடிந்தது. நாங்கள் ஆந்திராதான் என்றும் முடிவானது. பெரியப்பாவின் கடிதங்கள் குறைந்து, நின்றே போயின. நான்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன், எப்போது மதராஸ் என்று.

“உங்கம்மாவக் கேளு” என்று நைனா கொட்டகையைக் கை காட்டுவார். நானும் நம்பி ஓடுவேன். அங்கே அம்மா இருக்கமாட்டாள். மில்லிங் மெஷின்தான் நின்றுகொண்டிருக்கும்.